மூணாவது கல்லுக்குக் காவல்

ஓட்டப் பந்தயம் நடத்துகிற வேலையில், ஓடுகிறவர்களுக்கு ஒரு மணி நேரம்தான் வேர்க்கும். நடத்துகிறவர்களுக்கு ஒரு மாசம் வேர்க்கும். கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டு விழா, தெருப்பிள்ளைகளின் கபடி என்று எதையாவது இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, கடைசியில் ஏச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். கல்லிடைக்குறிச்சியில் ஒரு பூக்கடைக்கு வீட்டிலிருந்தபடியே பூக்கட்டிக் கொடுக்கிறேன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

துணை

எங்கள் பக்கத்து வீட்டு மல்லிகா அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். விடியக்காலம் வாய்க்கால் கரையில் ஓடுகிற மன்றத்தில் சேர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பஸ் கண்டக்டர், ஒரு டெய்லர், அரிசி ஆலையில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர், அவரோடு மூட்டை தூக்குகிற ரெண்டு பேர், அவ்வளவுதான். ஆம்பளைகள் ஓடுகிற இடத்துக்கு வயசுப்பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். மல்லிகா வந்து என் கையைப் பிடித்தாள். "மதினி, நீங்க சும்மா கூட வந்தாப் போதும்" என்றாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் போனேன். முதல் நாள் அவள் மதகு வரைக்கும் போய்த் திரும்பி வீட்டுக்கு வந்து முகம் கழுவி காப்பியும் குடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் நான் தெருமுனையில் திரும்பினேன். அவள் அம்மா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி, இவளுக்கு நீ துணையா, உனக்கு இவ துணையா?"

ஒரு காகிதம்

ரெண்டு வருஷம் அப்படியே ஓடினோம். நடுவில் எனக்குப் பிள்ளை உண்டாகி நின்றேன். பிள்ளைக்கு மூணு மாசம் ஆனதும் திரும்பப் போனேன். ஒருநாள் கண்டக்டர் அண்ணாச்சி, "சனி ஞாயிறு ரெண்டு நாளும் நம்ம ஊர்ல பந்தயம் வைப்போம்வே" என்று ஆரம்பித்தார். சின்னப்பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கு, ஆண்களுக்குப் பதினாறு கிலோமீட்டர், பெண்களுக்கு ஆறு கிலோமீட்டர் என்று மொத்தம் ஒன்பது போட்டி. மாவட்டத்திலிருந்து ஒரு நடுவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ் செல்லும் என்பதால், அலைந்து அதற்கும் ஒருவரைப் பிடித்துவிட்டார்.

மல்லிகா போலீஸ் வேலைக்கு எழுதிப் போடப் போகிறாள் என்பது எங்கள் ஐந்தாறு பேருக்குத்தான் தெரியும். விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் தனி மார்க் உண்டாம். அந்த வருஷத்தோடு அவளுக்கு வயசு வரம்பு முடிகிறது. வாய்க்கால் கரையில் மூச்சு வாங்க நிற்கும்போது சொன்னாள்: "ஓடத்தான் எனக்குத் தெரியும் மதினி. இவளுக்குத் தெரியும்னு ஒரு ஆள் எழுதிக் கொடுக்கணும்லா."

என்ன நிறம்

பாதி வழியில் திரும்பிவிட்டு முழுசாக ஓடினதாகச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் திரும்புகிற இடத்தில் ஒருவர் நின்று, வருகிறவர்கள் கையில் ஒரு கயிறு கட்டி அனுப்ப வேண்டும். கயிறு இல்லாமல் வந்தால் கணக்கில் கிடையாது. டெய்லர் சிவப்பிலும் பச்சையிலும் நூல்கண்டு எடுத்துவந்து மேஜையில் வைத்தார். எல்லாரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் தொடவில்லை.

எங்கள் பக்கத்தில் கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தை வைத்தே, பையன் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். தெருவுக்குத் தெரு சண்டையில் பஸ்கள் மேல் கல் விழுந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மஞ்சள் என்றார் ஒருவர், நீலம் என்றார் ஒருவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு இருந்தது. ரப்பர் பேண்ட் என்றால் வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் மெதுவாக என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன், வாழைநார் ஆகாதா என்று. பூக்கட்ட நனைத்து வைத்திருக்கிற நார்தான், அதற்கு நிறம் இல்லை. என் முடிச்சை வேறு யாரும் போடவும் முடியாது. பெண்கள் போட்டியில் நாரும் முடிச்சும் என் பொறுப்பு என்று அன்றைக்கே முடிவாயிற்று. அண்ணாச்சி நூல்கண்டுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நல்லவேளை. இதை எடுத்துக் கட்டியிருந்தா, ஓட வந்தவன்லாம் கம்பை எடுத்துட்டுல்லா வந்திருப்பான்!"

பேர் எழுதின கதை

டெய்லர் கடையில் உட்கார்ந்து பேர் எழுதினோம். பெண்கள் பக்கம் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. ஆறு பேராவது இல்லாவிட்டால் பெண்கள் போட்டி கிடையாது என்று நடுவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நானும் மல்லிகாவும் வீடு வீடாகப் போனோம். பிள்ளைக்குத் தலைவலி, பிள்ளைக்குப் பரீட்சை, பிள்ளை வெயிலில் கறுத்துவிடுவாள். வீரவநல்லூரில் இருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் தானாக வந்து பேர் கொடுத்தாள். அப்பளக் கம்பெனியில் மல்லிகா கெஞ்சி நாலு பேரைச் சேர்த்தாள்.

அந்த நாலு பேரில் ஒருத்தி ஜென்மத்தில் ஓடினதில்லை. பேரைச் சொல்லும்போதே கேட்டாள்: "ஏளா மல்லிகா, நடுவுல உக்காந்துக்கிடலாம்லா?"

நடை

சனிக்கிழமை சாயங்காலம் பெரியவர்களுக்கு நடைப் போட்டி. விசில் அடித்ததும் எட்டுப் பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நல்லபடியாகத்தான் நடந்தார்கள். தேர் முக்கு திரும்பினதும் ஒருவர் லேசாக ஓட, பக்கத்தில் இருந்தவர் அவர் துண்டைப் பிடித்து இழுக்க, ரெண்டு பேரும் நடுரோட்டில் நின்று சண்டை. மல்லிகா தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு ஓடிப்போய் விலக்கிவிட்டாள். அன்றைக்குப் பூராவும் அவள் தண்ணீர் சுமந்தாள், சுண்ணாம்புக் கோடு போட்டாள். நாளைக்கு ஓடுகிறவள் கொஞ்சம் உட்காருட்டி என்றால் கேட்கவில்லை.

ஓடினவரை நீக்கிவிட்டோம். அவர் போகும்போது மல்லிகாவைப் பார்த்துச் சொன்னார்: "ஓடத் தெரிஞ்சவன நடக்கச் சொன்னா எப்படி தாயி?"

மூணாவது கல்

ஞாயிற்றுக்கிழமை வீரவநல்லூர் ரோட்டில் மூணாவது கிலோமீட்டர் கல்தான் என் இடம். ஒரு பக்கம் வயல், பம்புசெட் அறை. எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. பம்புசெட் பக்கத்து வேம்பில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருந்தேன். அவளுக்கு அப்போது ஏழு மாசம். வீட்டுக்காரர் ஆண்கள் திரும்புகிற இடத்தில் நின்றார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. ஓடுகிறவர்களுக்கு முன்னால் போகிற பைக்கும் ஒன்றே ஒன்றுதான். அது ஆண்களோடு போய்விட்டது.

பெண்கள் போட்டி தொடங்கப் பள்ளிக்கூட மைதானத்தில் அதிர்வேட்டு போட்டார்கள். மூணு கிலோமீட்டருக்கு இங்கே சத்தம் கேட்டது. அண்ணாச்சி கொடுத்துவிட்ட கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். மல்லிகா இந்தத் தூரத்துக்குப் பதினாலு நிமிஷம் எடுப்பாள். கூட ஓடினவள், எனக்குத் தெரியாதா. பத்தாவது நிமிஷம் பிள்ளை வீறிட்டது. டீக்கடை பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகள். பம்புசெட் சுவருக்குப் பின்னால் போய், ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தேன். ரெண்டு நிமிஷம் இருக்கும், கூடினால் மூணு.

திரும்பி வந்து நாரை எடுத்து நின்றேன். வீரவநல்லூர்ப் பெண் வந்தாள். கையில் முடிச்சுப் போட்டு, "நீதாம்மா முதல்ல" என்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினாள். "இல்லக்கா, முன்னால உள்ள அக்கா எனக்கு எதுத்தாப்புல போயிட்டாங்களே!"

பார்க்கலை

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கடைசியில் வந்தவள் கையில் நாரைக் கட்டின கையோடு, ஒரு பால்காரர் வண்டியில் ஏறி மைதானத்துக்குப் போனேன். அங்கே கூட்டம். மல்லிகா கையில் நார் இல்லாமல், இருபத்துநாலு நிமிஷத்தில் வந்திருக்கிறாள். வாழ்நாளில் அவள் அப்படி ஓடினதில்லை. அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று. நடுவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். இந்தப் பிள்ளைக்கு வழக்கமாக எத்தனை நிமிஷம் ஆகும் என்று அண்ணாச்சியிடம் கேட்டார். அண்ணாச்சி பொய் சொல்லத் தெரியாமல் இருபத்தெட்டு என்றார். வீரவநல்லூர்ப் பெண், எதிரே வந்தாங்க சார் என்றாள். எதிரே வந்தா சரி, கல்லு வரைக்கும் போனதைக் கண்டியாம்மா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். கூட்டம் விலகி வழி விட்டது. எல்லா முகமும் என் பக்கம். "நீங்கதானேம்மா அங்க நின்னது. இந்தப் பிள்ளை கல்லு வரைக்கும் வந்துச்சா?" மல்லிகாவும் என்னைப் பார்த்தாள். வேர்வை காயாமல் துப்பட்டாவை இடுப்பில் கட்டினபடி நின்றாள். பார்த்தேன், கட்ட மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் இருந்தேன், அதனால் பார்க்க முடியவில்லை என்று உண்மையை முழுசாகவாவது சொல்லியிருக்கலாம். அத்தனை ஆம்பளைகள் நடுவில் அந்தப் பேச்சை எப்படி எடுப்பேன்? தொண்டையில் இருந்து ஒரே வார்த்தைதான் வந்தது. "பார்க்கலை சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "நிக்க வச்ச ஆளே பார்க்கலைங்காங்க. நான் என்னத்தம்மா எழுத?"

டீக்கடைச் சாட்சி

அண்ணாச்சி விடவில்லை. அரை மணி நேரம் கொடுங்க என்று கேட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மூணாவது கல்லுக்குப் பறந்தார். மல்லிகா மைதானத்து ஓரத்தில் என் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணாச்சி திரும்பி வந்தபோது சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சைக்கிளை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, அப்படியே கீழே விட்டார். டீக்கடையில் என்ன சொன்னார்கள் என்று நடுவர் கேட்டதற்கு, தலையைத் தொங்கப்போட்டபடி அவர்கள் சொன்னதை அப்படியே சொன்னார்: "பொம்பளப் பிள்ளைய ஓடுறதக் கண்டோம்வே, மொகத்தையா கண்டோம்னு சிரிக்கானுவ."

திங்கட்கிழமை

சான்றிதழ் வீரவநல்லூர்ப் பெண்ணுக்குப் போயிற்று. அவளும் நன்றாக ஓடினவள்தான், குறை சொல்லக் கூடாது. மல்லிகா பேருக்கு நேரே நடுவர் ஒரு கோடு போட்டார். ஜென்மத்தில் ஓடாதவள்கூட, நடுவில் ரெண்டு தடவை உட்கார்ந்து எழுந்து, கையில் என் முடிச்சோடு வந்து நாலாவது என்று பேர் வாங்கினாள். மறு வருஷம் மல்லிகாவுக்கு வயசு தாண்டிவிட்டது. அப்பளக் கம்பெனியில்தான் இருக்கிறாள்.

பந்தயம் முடிந்த மறுநாள் விடியக்காலம் நான் எழுந்திருக்கவில்லை. எந்த முகத்தோடு போவது? வழக்கமான நேரத்துக்குக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. "மதினி, வரலியா?" என்றாள், ஒன்றும் நடக்காதது மாதிரி. பிள்ளையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் போனேன். வாய்க்கால் கரையில் அவள் அன்றைக்கு எனக்காகப் பைய ஓடினாள். மதகு வந்ததும் என்னால் முடியவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பால் கொடுக்கப் போனேன்ட்டி, அதைக்கூட அந்த நடுவர்கிட்ட எனக்குச் சொல்ல வரலைட்டி என்றேன். அவள் வாய்க்கால் தண்ணீரில் காலை விட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்குத் தெரியும் மதினி. கல்லுகிட்ட வந்ததும் உங்களப் பாத்தேன். சுவத்துக்கு அங்கன முதுகக் காட்டி உக்காந்திருந்திய. கடையில அத்தன பேர் இருக்காங்க, நான் மதினின்னு சத்தம் போட்டா எல்லாவனும் திரும்பி உங்களப் பாப்பான்லா. அதான் கூப்பிடாமப் போயிட்டேன்."

ரெண்டு நாளில் ஒன்பது போட்டி நடத்தினோம், அதில் மல்லிகா தோற்றது ரெண்டே இடத்தில்தான்: அவள் வாயைத் திறக்காத இடத்தில் ஒன்று, நான் வாயைத் திறந்த இடத்தில் ஒன்று.