காலைக் காற்றை விட்டுக்கொடுக்காத அருள்மேரி

அருள்மேரி போய்விட்டாள் என்று போனில் சொன்ன பழைய அலுவலக நண்பர், "பாவம், யார் மனசும் நோகாம நடந்துக்குவாங்க" என்றார். யாரு, மேரியா? அழுகையோடு எனக்குக் கோபமும் வந்தது. அவளோடு வேலை பார்த்தவர்களே, செத்துப்போனாள் என்பதற்காக அவளைச் சாதுவாக்கிவிடாதீர்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை புதிய புகைபோக்கி கட்டவிருந்தது. அருகிலேயே பள்ளிக்கூடம். குட்டையாகக் கட்டினால் போதுமா என்று, காற்றை ஆராயும் அரசு அலுவலகத்தில் இருந்த நானும் மேரியும் அளந்து சொல்ல வேண்டும். தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை காற்று புரண்டு கலக்கிறதோ, அதுவரைதான் புகை ஏறிக் கலையும். அந்த உயரத்தை அறிய, வானம் பார்த்த ஒலிபெருக்கியிலிருந்து 'கூக்' என்று சத்தம் அனுப்புவோம். திரும்பிவரும் எதிரொலியைக் கருவி தாளில் கறுப்பாகத் தீட்டும்.

வந்தது மார்கழி. புகை தாழ்ந்து கிடப்பதும் விடியற்காலையில்தான், கோயில் குழாய் ஒலிபெருக்கி அலறுவதும் விடியற்காலையில்தான். கருவி வானத்தை விட்டுவிட்டுப் பக்திப்பாட்டைத் தீட்டித் தள்ளியது. "காலைய விடும்மா. மத்தியானம் சுத்தமா வருதுல்ல, அது போதும்" என்றார் எங்கள் அதிகாரி.

மேரி நேரே கோயிலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"வேதக்காரப் பொண்ணு வந்து மார்கழியில பாட்ட நிறுத்தச் சொல்றியா?" என்று தர்மகர்த்தா எகிறினார். மேரி ஓரடி முன்னே போனாள்.

"பாட்ட நிறுத்தாதீங்க, குழாய மட்டும் நிறுத்துங்க. சாமிக்கு நல்லாவே காது கேக்கும். பாழாப்போன எங்க கருவிக்குத்தான் கேக்கல. காலையில பொக எங்க நிக்குதுன்னு தெரியலன்னா, உங்க புள்ளைங்க தலைக்கு மேலயே பொகபோக்கியக் குட்டையாக் கட்டிருவாங்க."

மறுநாள் குழாய் பேசவில்லை. பெண்கள் வாயால் பாடினார்கள்.

தாளில் அந்தக் கறுப்புப் பட்டை மூன்று பனை உயரத்திலேயே படுத்துக் கிடந்தது. குட்டைப் புகைபோக்கியின் புகை அதைத் தாண்டவே தாண்டாது. அதிகாரி சளைக்கவில்லை. "மத்தியானத்தோட சேத்து சராசரி போட்டுடு, சரியாயிடும்" என்றார்.

"காலையில இருமுற புள்ளைக்கு மத்தியானக் காத்தயா சார் குடுப்பீங்க?"

கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். மிரட்டினார்கள், கெஞ்சினார்கள், அவள் மசியவில்லை. கடைசியில் காலை அளவு தனியாகவே அறிக்கையில் போனது. புகைபோக்கியை உயர்த்தித்தான் கட்டினார்கள்.

மேரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பெரம்பலூரில் பஸ் ஏற்றிவிடும்போது நான் அழுதேன். "எதுக்குடி அழுவுற? அறிக்கைய மாத்த முடியல, என்னய மாத்துறாங்க. மாத்திட்டுப் போகட்டும்" என்று சிரித்தாள்.

அவளிடமிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது சராசரி என்று ஓர் எண்ணை நீட்டினால், எந்த நேரத்துக் காற்று, யார் சுவாசித்த காற்று என்று கேட்பேன். பதில் வரும்வரை பேனாவைத் திறக்க மாட்டேன்.