ரெக்ஸின் உறைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

தாராவியில் பை தைக்கும் ஜெயினுலாப்தீனுக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. 1983இல் செம்பூரில் ஓர் ஆபீஸ், கம்ப்யூட்டருக்குத் தூசி உறை தைக்க அவரைக் கூப்பிட்டது. செருப்பை வாசலில் கழற்ற வைத்தார்கள். ஏ.சி. அறைக்குள் அளவெடுக்கும்போது தும்மிவிடாதீர்கள் என்றார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவேயில்லை.

அந்த வருஷம் முழுக்க ஒரே உறைதான். இரண்டு வருஷத்தில் பேங்குகள் கேட்டன, பிறகு டாக்டர்கள், ஆடிட்டர்கள். எண்பத்தெட்டில் மாதம் நூறு உறை போயிற்று. ஊர் கம்ப்யூட்டருக்கெல்லாம் சட்டை தைப்பவன் வீட்டில் ஒன்றுகூட இல்லையே என்ற அரிப்பு அவருக்குத் தாங்கவில்லை. செம்பூர்க்காரர்கள் புதுசு வாங்கியதும் பழசைக் கேட்டு வாங்கி டாக்ஸியில் ஏற்றிவந்துவிட்டார். மகள் மெஹராஜ் கற்றுக்கொள்ளட்டும் என்று தெருவெல்லாம் சொன்னார்.

வந்த அன்றே திரைக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று ஒட்டினாற்போல் உறை தைத்து மாட்டினார். அதோடு சரி. கீழே பட்டறையில் தோல் தூசி, கரண்ட் ஏறி இறங்குகிறது, மழைக்குச் சுவரில் ஓதம். தினம் ஒரு காரணம். உறையை எடுக்கக் கூடாது என்று மகளுக்கு உத்தரவு போட்டுவிட்டு, நிமிஷத்துக்கொரு தரம் மாடியேறி வந்து பார்ப்பார். நாய் பெற்ற தெங்கம்பழம்தான், தானும் தின்னாது, பிறரையும் தின்ன விடாது, வேறென்ன? ஐந்து வேளை அவர் பள்ளிவாசலுக்குப் போகும் நேரம்தான் வீட்டில் மற்றவர்கள் மூச்சு விடுவார்கள்.

மெஹராஜ் டைப்பிங் பாஸ் செய்து இரண்டு வருஷமாக வேலைக்குக் காத்திருந்தவள். மாட்டுங்காவில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் தட்டிக் காட்ட வேண்டும். வாப்பாவிடம் வாய் திறந்து கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தூசி துடைக்க வந்த ஜெயினுலாப்தீன் கீபோர்டு உறையைப் பார்த்து நின்றுவிட்டார். கறுப்பு ரெக்ஸின், எட்டு விரல் பதியும் இடத்தில் தேய்ந்து வெளுத்திருந்தது. இத்தனை வருஷம் ரெக்ஸினோடு கிடந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எத்தன நாளா நடக்கு இது?"

"நீங்க தொழப் போற நேரமெல்லாம், வாப்பா," என்றாள் மெஹராஜ். "உறைய எடுக்கல. சுவிட்சும் போடல. சும்மா மேலதான் தட்டிப் பாத்தேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு உறையையும் உருவிக் கட்டிலில் எறிந்துவிட்டு சுவிட்சைப் போட்டார். திரையில் பச்சை எழுத்து வந்தது. தட்டு என்றார். அவள் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், தட்டவில்லை. அவர் கண்ணோ ஸ்டெபிலைசருக்கும் ஜன்னலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. தான் அங்கே நிற்கும்வரை அந்த விரல் அசையாது என்று கடைசியில் அவருக்கே புரிந்தது.

அஸர் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஜெயினுலாப்தீன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பள்ளிக்குப் போயிட்டு வாரேன்," என்று சொல்லி இறங்கிவிட்டார்.