‘சொன்னால் போதும்’ என்று எழுதியவர்

டாக்டர் மெய்த்தி லெங்கோங்கை மருத்துவமனைக்காரர்கள் ‘கட்டம் போடுற டாக்டர்’ என்பார்கள். இந்தோனேசியாவின் மனாடோவில் பத்து வருஷம் குழந்தை மருத்துவராக இருந்த அந்த அம்மா, அதை விட்டுவிட்டு எங்கள் மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் மாடியில் இருக்கும் மருத்துவக் கல்வித் துறைக்கு வந்தவர். அங்கே நோயாளி கிடையாது. டாக்டருக்குப் படிப்பவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது, அவர்கள் தேறிவிட்டார்கள் என்று எதை வைத்துச் சொல்வது என்று யோசிப்பதும் ஆராய்வதும்தான் அங்கே வேலை. தேர்வுக்கான மதிப்பெண் தாள்களைக் கட்டம் கட்டமாக அவர்தான் வடிவமைப்பார். பெயர் அதனால் வந்தது.

“மெய்த்தி, நீங்க நோயாளியைப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு?” என்று அறுவைச் சிகிச்சைக்காரர்கள் கேண்டீனில் சீண்டுவார்கள்.

“தினமும் உங்களைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். இன்னும் குணமாகலை” என்பார். சொல்லிவிட்டு வறுத்த வாழைக்காயை மிளகாய்ச் சாந்தில் தோய்த்துச் சாப்பிடுவார்.

அவரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. பொதுச் சுகாதாரம் படித்திருந்தேன். என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மிக்ரோலெட் என்னும் ஷேர் வேன் ஓட்டும் என் அப்பாவுக்கு என் வேலையைப் புரியவைக்கவே முடியவில்லை.

“நீ டாக்டரா?”

“இல்லப்பா.”

“டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்குப் பாடம் நடத்துறியா?”

“அதுவும் இல்ல. அவங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு நான் படிக்கிறேன்.”

“அதுக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கிறாங்களா? பத்திரமாப் பாத்துக்க” என்றார்.

எனக்கும் அந்தச் சந்தேகம் உள்ளுக்குள் இருந்தது. ஒரு தாளில் கட்டம் இப்படி இருந்தால் என்ன, அப்படி இருந்தால் என்ன, அதனால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று. பதில் கிடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

எங்கள் செய்முறைத் தேர்வு பன்னிரண்டு அறைகளில் நடக்கும். ஒவ்வோர் அறையிலும் நோயாளியாக நடிக்கும் ஒருவர், மதிப்பெண் தாளோடு ஒரு தேர்வாளர். மாணவருக்குப் பத்து நிமிடம். மணி அடித்தால் அடுத்த அறை. நோயாளியைத் தொடும் முன் கை கழுவ வேண்டும் என்பது எல்லாத் தாளிலும் முதல் கட்டம்.

ஆனால் பன்னிரண்டு அறைகளில் இரண்டில்தான் குழாய் இருந்தது. முறையாகக் கை கழுவினால் பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் போய்விடும் என்று மாணவர்களும் முறையிட்டார்கள். 2008ஆம் வருஷம் டாக்டர் மெய்த்தி தேர்வாளர் கையேட்டில் ஒரு வரி சேர்த்தார்: ‘கை கழுவுகிறேன் என்று மாணவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், முழு மதிப்பெண் தரலாம்.’

அதே வருஷம் கை சுத்தத்துக்காக ஒரு புதுப் பயிற்சி வகுப்பையும் தொடங்கினார். அதற்கு முன் நூற்றில் ஐம்பத்து நாலு பேர்தான் அந்தக் கட்டத்தில் மதிப்பெண் வாங்கினார்கள். அடுத்த தேர்வில் தொண்ணூற்றாறு பேர். பயிற்சி வகுப்பின் வெற்றி என்று ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. வேறு நாடுகளில் இருப்பவர்கள்கூட அதை மேற்கோள் காட்டினார்கள். சொன்னால் போதும் என்ற வரி அந்தக் கட்டுரையில் இல்லை. மறைக்கவில்லை, அது தேர்வு நடத்தும் வசதிக்கான சின்ன ஏற்பாடு, ஆய்வில் சேராது என்று நினைத்திருக்கிறார். நானும் அந்தக் கட்டுரையை நாலைந்து முறை படித்திருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை.

அந்தக் கட்டுரையைத் தூணாக வைத்துத்தான் அவர் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். அப்போது அவருக்கு அறுபத்து நாலு. அடுத்த வருஷம் ஓய்வு. பேராசிரியர் ஆகிவிட்டால் எழுபது வரை இருக்கலாம். அதைவிட முக்கியம், துறையில் ஒரு பேராசிரியர் இருந்தால்தான் முதுகலைப் படிப்பு தொடங்க அனுமதி. அதில் முதல் ஆளாகச் சேர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பம் ஜகார்த்தாவில் அமைச்சகத்தின் முடிவுக்காகக் காத்திருந்தபோது, தொடர் ஆய்வுக்காக என்னைக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பினார். எங்கள் கல்லூரியின் பயிற்சி மருத்துவர்கள் உண்மையான நோயாளியிடம் எத்தனை முறை கை கழுவுகிறார்கள் என்று எண்ண வேண்டும். என் தாளில் இரண்டே கட்டம். செய்தார், செய்யவில்லை.

முதல் நாள் காலையிலேயே எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. ஒரு பயிற்சி மருத்துவர் கட்டிலருகே வந்தாள். உதடு அசைந்தது. நேராகக் குழந்தையின் வயிற்றில் கை வைத்தாள். அடுத்து வந்தவன் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். “கை கழுவுறேன்.” குழாய் அவனுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் இருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வார்டின் மூத்த செவிலியர் சிஸ்டர் ஆல்ச்சே. அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அதுவா நோனி?” என்றார். எங்கள் ஊரில் சின்னப் பெண்கள் எல்லோருமே நோனிதான். “அது ஜெபம். சாப்பிடுறதுக்கு முன்னாடி நாம பண்றோம்ல, அந்த மாதிரி. உங்க காலேஜ் பிள்ளைங்க மட்டும்தான் பண்ணுது. மத்த காலேஜ் பிள்ளைங்க கழுவும், இல்லன்னா மறந்துடும். ஜெபம் பண்ணாது.”

“எத்தனை வருஷமா சிஸ்டர்?”

“யார் எண்ணினா? பத்து வருஷம் இருக்கும்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“டாக்டருங்களுக்குக் கை கழுவக் கத்துக்குடுக்க நான் யாரு? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீதான் முதல்ல கேட்கறே.”

மூன்று வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை குழந்தைகளைத் தொட்டார்கள். நாற்பத்தேழு முறை கழுவினார்கள். முப்பத்தொரு முறை சொல்லிவிட்டுத் தொட்டார்கள். சொன்னதற்குக் கட்டம் இல்லாததால் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்புகளை அழித்துவிட்டால் ‘செய்யவில்லை’ என்ற எண்ணிக்கை மட்டும் மிஞ்சும். வழக்கமான சோம்பல் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் அழிக்கவில்லை. நேர்மையாலா, பயத்தாலா என்று இன்றும் தெரியவில்லை.

டாக்டர் மெய்த்தி தாள்களைப் பார்த்தார். ஓரத்தில் இருந்ததைப் படித்தார். மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

“இதை நீ காதால கேட்டியா?”

“கேட்டேன் டாக்டர்.”

“சரி. நாளைக்கு நானும் வர்றேன்.”

மறுநாள் காலை வார்டில் செவிலியர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதல் ஒரு மணி நேரம் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு ஆல்டோ வந்தான். அந்த வருஷம் செய்முறைத் தேர்வில் முதலிடம் பெற்றவன். அன்றைக்கு அவன் பார்க்க வேண்டியது எட்டு நாள் குழந்தை ஒன்று. கட்டிலருகே போனவன் மேசைப் பக்கம் பார்த்தான். டாக்டர் மெய்த்தி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் நிமிர்ந்து நின்று, வார்டுக்கே கேட்கும்படி சொன்னான்.

“டாக்டர், கை கழுவுறேன்!”

சொல்லிவிட்டுக் குழந்தையின் துணியை விலக்கினான். முகத்தில் மதிப்பெண்ணை எதிர்பார்க்கும் பிள்ளையின் சிரிப்பு.

டாக்டர் மெய்த்தி எழுந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். “கழுவு.”

அவன் குழம்பிவிட்டான். “சொல்லிட்டேனே டாக்டர்.”

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் பயங்கரம். ஆறு வருஷமாக ஒவ்வொரு தேர்விலும் அந்தச் சொல்லுக்கு அவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருந்தது.

அவர் அவனைத் திட்டவில்லை. குழாய்க்கு அழைத்துக்கொண்டு போனார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கழுவினார்கள். பிறகு அவர் என்னிடம் வந்து, “கையேட்டோட பழைய பிரதி எல்லாத்தையும் எடுத்து வை” என்றார்.

இரண்டு நாள் கழித்து டீன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். டீன் பாக் யோப்பி (பாக் என்றால் எங்கள் ஊரில் ஐயா) டாக்டர் மெய்த்தியிடம் படித்தவர், அந்த மரியாதை உண்டு. தனியாக இருக்கும்போது அக்கா என்பார். ஆய்விதழுக்கு டாக்டர் மெய்த்தி எழுதிய கடிதத்தின் நகல் மேசைமேல் இருந்தது. கட்டுரையில் இருக்கும் எண்கள் கை கழுவியதைக் காட்டவில்லை, கழுவுவதாகச் சொன்னதையே காட்டுகின்றன. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். இன்னும் அனுப்பவில்லை.

“அக்கா, விதியை மாத்துங்க. அடுத்த தேர்வுல இருந்தே மாத்துங்க, நான் கையெழுத்துப் போடுறேன். கட்டுரையை எதுக்குத் தொடுறீங்க? இன்னும் மூணு வாரத்துல ஜகார்த்தாவில இருந்து முடிவு வந்துடும்.”

“அந்தக் கட்டுரையை நம்பி வேற ஊர்லயும் அதே வகுப்பை நடத்துறாங்க யோப்பி.”

“இதனால எந்தக் குழந்தையாவது செத்துதா?”

“தெரியல.”

“அப்புறம் என்ன?”

“தெரியலைங்கறதுதான் யோப்பி. பதினோரு வருஷம் நான் எண்ணவே இல்ல. எல்லாம் நல்லா நடக்குதுன்னு என் கட்டம் சொல்லிச்சு.”

டீன் என் பக்கம் திரும்பினார். குரலில் அன்புதான் இருந்தது. “நோனி, நீ சொல்லு. தாள்ல ரெண்டு கட்டம்தான் இருந்தது. நீ ஓரத்துல பென்சில்ல எழுதினதைத் தகவல்னு சொல்ல முடியுமா? வார்டுல எவ்வளவு சத்தம். நீ தப்பாக் கேட்டிருக்கலாம்ல?”

முதுகலைப் படிப்பு என் கண்முன் வந்தது. அப்பாவின் வண்டியும் வந்தது.

“நான் புதுசு பாக்” என்றேன். “தப்பாவும் கேட்டிருக்கலாம்.”

சொன்ன உடனே காது சூடாகிவிட்டது. முப்பத்தொரு முறை கேட்டிருந்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

டாக்டர் மெய்த்தி என்னைப் பார்க்கவில்லை. “அவ சரியாத்தான் கேட்டிருக்கா. நானும் கேட்டேன். எனக்கு முப்பத்தஞ்சு வருஷ அனுபவம் இருக்கு, நான் புதுசு இல்ல” என்றார். நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலையே கடிதம் போய்விட்டது.

படி இறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன். “உன்னை அந்த இடத்துல நிறுத்தினது நான்தான்” என்றார். அது மன்னிப்பா இல்லையா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. முதுகலைப் படிப்பு தொடங்கவில்லை. கட்டுரை இப்போதும் இணையத்தில் இருக்கிறது, பக்கங்களின் குறுக்கே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற சிவப்பு எழுத்தோடு. ‘கட்டம் போட்டவங்க கட்டத்துலயே மாட்டிக்கிட்டாங்க’ என்று கேண்டீனில் யாரோ சொன்னார்கள். அவர் அந்த மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அந்த வருஷத் தேர்வில் அறைகளைப் பன்னிரண்டிலிருந்து எட்டாகக் குறைத்து, எட்டிலும் தண்ணீர் வைக்கச் செய்தார். ஒரு நாளில் முடியும் தேர்வு மூன்று நாள் நடந்தது. கை கழுவும் முதல் கட்டத்தில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பேர்தான் மதிப்பெண் வாங்கினார்கள். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார்.

கடைசி மாதங்களில் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று. அந்தப் பதினோரு வருஷத்தில் தேறிப்போன ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் டாக்டர்களுக்கும் கடிதம் எழுதினார். முகவரி தேடியது நான். தீவு தீவாகச் சிதறியிருந்தார்கள். கடிதம் நாலே வரி: ‘கை கழுவியதாகச் சொன்னதற்கு உங்களுக்கு மதிப்பெண் கொடுத்தேன். அது என் தவறு. உங்களிடம் அந்தப் பழக்கம் இருந்தால் அது என்னிடமிருந்து வந்தது. இன்றே விட்டுவிடுங்கள்.’

இருபத்து மூன்று பதில் வந்தது. பெரும்பாலும் மரியாதையான பதில்கள். தலாவுத் தீவின் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் டாக்டர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். ஏழு வருஷமாகப் பிரசவம் பார்க்கிறாராம். ‘எனக்குப் பழக்கம் இருக்கிறது. கடிதம் வந்த அன்றுதான் கவனித்தேன். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்த தாய்மார்களின் பெயர்களை ஏன் எனக்கு இப்போது ஞாபகப்படுத்தினீர்கள்?’

டாக்டர் மெய்த்தி அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தலாவுக்குக் கப்பல் எந்தெந்த நாள் போகிறது என்று கேட்டார்.

“செவ்வாய்க்கிழமை. தபால் அதுல போகும் டாக்டர்.”

“தபால் வேணாம். இதுக்குக் கடிதத்துல பதில் சொல்ல முடியாது. எனக்கு ஒரு டிக்கெட் போடு.”

“ரெண்டு போடட்டுமா?” என்று கேட்டேன்.

“அங்க போய் நீ என்ன செய்வே?”

“அவங்க அந்தத் தாய்மாரோட பேரெல்லாம் சொல்வாங்கள்ல டாக்டர். யாராவது எழுதிக்கணும்.”

“சரி. தாள்ல கட்டம் எதுவும் வேணாம்” என்றார்.