கிளாரியின் மூடாத ஏலம்

எங்கள் ஊர் ஆட்டுச் சந்தையில் வாய் திறந்து விலை கேட்பவன் கத்துக்குட்டி. ஆடு வாங்கி விற்கும் கிளாரி டன்ஸ்டெட் வாய் திறக்க மாட்டான். இடக்கண்ணைப் பாதி மூடுவான். ஏலக்காரன் ரெக்ஸ் விலையை ஏற்றுவான். முழுதாகத் திறந்தால் ஆள் விலகிவிட்டான் என்று அர்த்தம். அந்தக் கண்தான் அவன் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

அதில் நீர் வடிய ஆரம்பித்ததும், "விலையக் கேட்டாலே அழுவுறான் பாரு" என்று வேலியோரம் ஒரே சிரிப்பு. மூக்கோரம் வீங்கி, நீரில் ரத்தம் கலந்தபோதும் கிளாரி, "தூசிதான், சரியாப் போயிடும்" என்றான். ஆடு தும்மினால் டாக்டருக்கு ஓடுகிற சூரர்கள் நாங்கள். எங்களுக்கு வந்தால் எல்லாம் தூசி.

மனைவி நொலீன் அவனைச் சிட்னிக்கு இழுத்துப்போனாள். கண்ணீர்ப் பையில் புற்றுநோய். டாக்டர்களே அபூர்வமாகப் பார்ப்பதாம். பை, கண், மூக்கோர எலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கதிர்வீச்சும் கொடுத்தார்கள். உயிர் தப்பியது.

கட்டுப்போட்ட முகத்தோடு சந்தைக்கு வந்தான். பழைய கூட்டாளிகள் அவன் பூட்ஸைப் பார்த்து நலம் விசாரித்தார்கள். விலை கேட்க கிளாரி வலக்கண்ணைச் சிமிட்டிப் பார்த்தான். ரெக்ஸ் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முகத்தைப் பார்க்காத ஏலக்காரன் ஆடு எப்படி விற்பான்? கிளாரி ஒவ்வொரு வாரமும் காலி லாரியோடு வீடு திரும்பினான். இன்னும் கொஞ்ச நாள் போனால் லாரியையும் விற்க வேண்டியதுதான்.

செயற்கைக் கண் செய்யும் பெண், மாதிரிக்குப் பழைய போட்டோ கேட்டாள். நொலீன் சந்தையில் எடுத்ததைக் கொடுத்தாள். வேறு படம் ஏது? கல்யாணப் படத்திலேயே பின்னால் ஆடு நிற்கும். சிலிக்கோனில் சுருக்கம், வெயில் கறுப்பு, இமைமயிர் எல்லாம் அச்சு அசல். எலும்பில் பதித்த காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஏலத்தில் ரெக்ஸ் அந்த முகத்தைத் தைரியமாகப் பார்த்தான். விலையை ஏற்றினான். ஏற்றிக்கொண்டே போனான். பட்டி பட்டியாக ஆடு கிளாரி பெயரில் விழுந்தது, நொண்டிக் கிடா உட்பட.

"யோவ் ரெக்ஸ், நான் எங்கய்யா கேட்டேன்?"

"கண்ணப் பாதி மூடிட்டே நிக்கிறியே!"

அப்போதுதான் விளங்கியது. போட்டோவில் அவன் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தான்.

வேலியோரம் சிரிப்பு வெடித்தது. கிளாரி கண்ணைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். அந்தக் குழியைக் கண்டதும் சிரிப்பு நின்றது, தலைகள் குனிந்தன.

"மாட்டினா கேக்குறேன், கழட்டினா வேணாம். இப்ப முதல்லேர்ந்து விடு. நல்லாப் பாத்து விடு!"

ரெக்ஸ் மறு ஏலம் விட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டிக்கும் மொத்தச் சந்தையும் கிளாரி முகத்தையே பார்க்கிறது. நலம் விசாரிக்க நிமிராத தலைகள், ஆட்டு விலை என்றதும் எவ்வளவு அழகாக நிமிர்கின்றன!