வெளிமானும் உள்மானும்

காலை எட்டு மணி. அடையாறிலிருந்து கிண்டி தேசியப் பூங்காவுக்கு ஆட்டோவில் போகிறேன். வெளிமான் பார்க்கவே இந்த ஊருக்கு வந்ததாக ஓட்டுநரிடம் சொல்கிறேன். பூங்கா மதிலின் சின்ன வாசலருகே சட்டென்று பிரேக் போடுகிறார்.

"அதுக்கு இன்னாத்துக்கு மேடம் டிக்கெட்டு? தோ நிக்குது பாரு வெளிமான்!"

வாசல் வழியே வெளியே வந்துவிட்ட புள்ளிமான் ஒன்று, நடைபாதையில் உதிர்ந்த தூங்குமூஞ்சி மரக் காய்களை மென்றுகொண்டிருக்கிறது.

"இது புள்ளிமாங்க. வெளிமானுக்கு முதுகு கறுப்பா, கொம்பு முறுக்கிக்கிட்டு இருக்கும். புதர்ல ஒதுங்காது, புல்வெளியிலதான் மேயும். அதான் அந்தப் பேரு."

"அது எங்க கீது?"

"உள்ள."

"உள்ள கீறது வெளிமான்னா, வெளிய நிக்கிறது இன்னா, உள்மானா?"

இருவரும் சிரிக்கிறோம். அதற்குள் மான் சாலையில் கால் வைத்துவிடுகிறது. பின்னால் பேருந்து வருகிறது. ஓட்டுநர் ஆட்டோவைக் குறுக்கே திருப்பி நிறுத்துகிறார், குதித்து இறங்கிக் கைகளை விரிக்கிறார். பேருந்து கிறீச்சிட்டு நிற்கிறது. மிரண்ட மான் திரும்பி வாசலுக்குள் பாய்கிறது.

பேருந்துக்காரர் தலையை நீட்டிக் கத்துகிறார்: "யோவ், நடு ரோட்ல இன்னாய்யா பண்ற?"

"கோச்சிக்காத நைனா, உள்மான் உள்ள போவுது!"