எஸ்தர் அக்கா எழுத மறுத்த வரி

ஒரு குழந்தைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எஸ்தர் அக்கா போய்விட்டார். கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்து பயிற்சியை முடித்தேன். வெளியே அடுத்த குழந்தை காத்திருந்தது. அழக்கூட இடைவெளி தராத வேலை இது. அவரோடு வேலை செய்த எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் சிறிய கிளினிக். அக்கா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; உண்பது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களைப் பழக்குபவர். நான் பேச்சுப் பயிற்சியாளர். பால் குடிக்கவும் சோறு விழுங்கவும் திணறும் குழந்தைகள் அவரிடம் வருவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

கேளம்பாக்கத்தை அடுத்த கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் செல்வி ஒருநாள் கைக்குழந்தையோடு வந்தாள். "வாயில வெச்சாலே துப்புறான் மேடம். பால் குடுக்கத் தெரியாதவள்னு வூட்ல என்னையே திட்டிக்கினு கீறாங்க." அக்கா உடனே குழந்தையைத் தொடவில்லை. அவளைப் பால் கொடுக்கச் சொல்லி முழுக்கப் பார்த்தார். பிறகு குழந்தையை ஒருக்களித்துப் பிடித்து, நடுநடுவே மூச்சுவிட இடம் கொடுக்கச் சொன்னார்.

"உன் மேல தப்பில்ல செல்வி. மூச்சு விடறதையும் விழுங்கறதையும் சேர்த்துச் செய்ய அவனுக்கு இன்னும் வரல."

குழந்தை அன்று கொஞ்சம்தான் குடித்தது. செல்விதான் நெடுநேரம் அழுதாள்.

பின்னாளில் அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. பாலுக்குத் திணறிய மற்ற பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்ற ஆராய்ச்சியை அக்கா அப்போதுதான் தொடங்கினார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து வீடு வீடாகப் போவார். பலர் நன்றாக இருந்தார்கள். சிலருக்கு ஆட்டிசம். சிலர் வீடு மாறிப் போயிருந்தார்கள்.

இதைப் பற்றி அக்கா எழுதிய கட்டுரையைப் படித்த மூத்த டாக்டர் ஒருவர், "பால் குடிக்கத் திணறினா அது ஆட்டிசத்தோட முதல் அறிகுறின்னு தெளிவா எழுதுங்க. அப்பதான் மருத்துவ இதழ்ல போடுவாங்க" என்றார்.

"நான் பார்த்ததை வெச்சு அப்படிச் சொல்ல முடியாது சார். அந்த வரியைப் படிக்கற அம்மா எப்படித் தூங்குவா?"

கட்டுரை வெளிவரவே இல்லை. "அந்த வரியை எழுதியிருக்கலாமே அக்கா" என்று தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் கேட்டேன். "ரொம்ப டயர்டா இருக்கு மாலா. அதை மட்டும் கேக்காத" என்றார். மறுநாள் காலை எனக்கு முன்பே கிளினிக்கில் இருந்தார். நோய் படுக்க வைக்கும்வரை அப்படித்தான் வந்தார்.

அடக்கத்துக்குச் செல்வியும் வந்திருந்தாள். பாட்டுச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்ட மகனோடு, கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே கடைசிவரை நின்றாள்.

அடுத்த நாள் புதிதாக வந்த ஒரு தாய், "எம் பையன் பேசிடுவானா மேடம்?" என்று கேட்டாள். கண்டிப்பாகப் பேசுவான் என்று சொல்லி அனுப்புவது சுலபம். எனக்கும் களைப்பாக இருந்தது. ஆனால் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது வேறு.

"தெரியலம்மா" என்றேன். "வாங்க, சேர்ந்து பார்க்கலாம்."