கை நனைத்த வீடு

காரமடைத் தேர்த் திருவிழாவுக்கு எங்கள் தொண்டர் படை போட்ட ஓலைக் கொட்டகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தேர் வீதி முடியும் இடத்தில் நான்கு மூங்கில் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று மேலே ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருப்போம். கூட்டத்தில் கைநழுவிப்போன பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைக்கும் இடம் அது. கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் பாய்க்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், யாரும் கேட்காமலே, வருஷா வருஷம் அந்தப் பிள்ளைகளுக்காகப் பாய் அனுப்பிவைப்பார். அழுகிற பிள்ளைக்கும் பொரி, அழாத பிள்ளைக்கும் பொரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்களைப் போன்ற வாலிபர்களுக்கு ஊருக்கு உழைப்பது என்றால் ஒரு வெறி. தாகத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம், தேர்ச்சக்கரத்தின் பக்கம் போகிறவர்களை இழுத்துப் போட்டோம், மயங்கி விழுந்தவர்களைத் தூக்கினோம். எங்களை நாங்களே மெச்சிக்கொள்வதிலும் குறை வைக்கவில்லை.

படைக்குத் தலைவராக இருந்தவரைக் கேப்டன் என்போம். பருத்தி அரவை ஆலையில் வேலை. மற்ற நேரமெல்லாம் ஊர் வேலை. அவரைப் போல் மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. மாட்டை ஓட்டும்போதுகூட "போங்க, போங்க" என்பார் என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்வோம். ஒருவர் மனம் நோக ஒரு சொல் சொல்லமாட்டார். முடியாது என்ற சொல்லே அவர் வாயில் கிடையாது. அதை அவருடைய பெருமை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு தேரன்று, நான்கு வயசுப் பெண் குழந்தை ஒன்றை நான்தான் கூட்டத்திலிருந்து தூக்கி வந்தேன். அது அழவில்லை. "அம்மா வருவா, இங்கயே இருக்கோணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பொரி தின்றது. சற்று நேரத்தில் நன்றாக உடுத்திய ஒரு மனிதர் வந்தார். குழந்தை அவரைப் பார்த்ததும் "சித்தப்பா" என்று எழுந்தது. கேப்டன் எங்கள் பக்கத்து வழக்கப்படி எந்த ஊருங்க, எந்தக் கூட்டமுங்க என்று விசாரித்தார். அன்னூர்ப் பக்கம் ஒரு ஊரைச் சொன்னார் வந்தவர். கூட்டமோ, அதாவது குலப்பிரிவோ, கேப்டனுடையதே. அப்புறம் என்ன? ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தம்பி முறை. பங்காளியைச் சந்தேகப்படுவது அவன் முகத்தில் அடிப்பது போல. "நம்மூட்டுப் புள்ளைங்க, பத்தரமாக் கூட்டிட்டுப் போங்க" என்று குழந்தையைத் தூக்கிக் கையில் கொடுத்தார் கேப்டன். அது சித்தப்பாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "அம்மா வருவா" என்றது. நான் கையசைத்தேன்.

அம்மா வந்தாள். ஓடி வந்ததில் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. குழந்தையைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டோம் என்று கேப்டன் சந்தோஷமாகச் சொன்னதும், அப்படியே பாய் மேல் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் அடித்து விரட்டிய பெண் அவள். குழந்தையோடு பொறந்த வீட்டில் இருந்தாள். பிள்ளை தாயிடமே இருக்கட்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்திருந்தும், பிடுங்கிக்கொண்டு போகப் புருஷன் வீட்டார் சமயம் பார்த்திருந்தார்களாம். கேப்டன் முகம் செத்துப்போயிற்று. "அம்மணி, தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க" என்றார். அவள் எங்களைத் திட்டியிருக்கலாம். "நீங்க நல்லதுன்னுதானுங்க செஞ்சீங்க" என்றாள்.

மறுநாள் கேப்டனும் நானும் அன்னூர்ப் பக்கத்து அந்த ஊருக்குக் கிளம்பினோம். பிள்ளையை வாங்கிக்கொண்டுதான் திரும்புவது என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வழி நெடுக அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அந்த ஊட்டுல கை நனைக்கக் கூடாது பாத்துக்க. பேச்சு முடியற வரைக்கும் பச்சத் தண்ணிகூட வேண்டாம்." எங்கள் சீமையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நியாயம் கேட்கப் போகிற வீட்டில் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டுவிட்டால் வழக்குத் தீர்ந்தது என்று அர்த்தம். உண்ட வீட்டை எதிர்த்துப் பேச வாய் வராது.

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். என்ன வரவேற்பு! குழந்தையின் தகப்பனே வாசலுக்கு வந்து கூட்டிப்போனான். செம்பில் தண்ணீர் வந்தது, வேண்டாம் என்றோம். உள்ளே இலை போட்டாயிற்று. "பேசிப்போட்டுச் சாப்பிடலாமுங்க" என்றார் கேப்டன், குரல் எழும்பாமல். "ஏனுங்க, பங்காளி ஊட்டுல கை நனைக்கமாட்டீங்களா? எங்களை அத்தனை கேவலமா நெனச்சுப்போட்டீங்களா?" என்றான் அவன், கையைக் கூப்பிக்கொண்டு. கேப்டன் தவித்தார். நானோ காலையிலிருந்து பட்டினி. கொள்ளுப் பருப்பின் வாசம் மூக்கைத் துளைத்தது. நான் நகர்ந்து போய் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கேப்டன் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாப்பாட்டின் நடுவில் அந்தக் குழந்தை கதவோரம் வந்து நின்று பார்த்தது. யாரோ உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். வெற்றிலைத் தட்டு வந்த பிறகு கேப்டன், "புள்ள விசயமா..." என்று இழுத்தார். "புள்ளைக்கென்னங்க, சௌக்கியமா இருக்குது. நீங்களே கண்ணுல பார்த்தீங்களே" என்று சிரித்தான் தகப்பன். கேப்டன் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அவர்களுடைய சவாரி வண்டியிலேயே எங்களை ஏற்றி, ஒரு தார் வாழைப்பழமும் போட்டு அனுப்பினார்கள்.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டோம். அவள் கொட்டகையில் காத்திருந்தாள். வண்டியிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் இறங்கியதைப் பார்த்தாள். ஆனாலும் உடனே கேட்கவில்லை. வெளியூர் போய் வந்தவர்களை யாரும் முதலில் கேட்பதைத்தான் கேட்டாள். "வெயில்ல வந்திருக்கறீங்க. சாப்பிட்டீங்களா?"

பொய் சொல்ல வராத மனிதர் கேப்டன். "ஆச்சுங்க அம்மணி" என்றார்.

எங்கே சாப்பிட்டோம் என்று அவள் கேட்கவில்லை. வண்டியிலிருந்த வாழைத்தாரைப் பார்த்தாள், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, மெள்ள நடந்து போனாள். ஊர்ப் பெரியவர்களிடம் மறுபடி முறையிட்டாளாம். உங்கள் சார்பில் போனவர்களே கை நனைத்துவிட்டு வந்தபின் நாங்கள் என்ன பேசுவது என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்களாம். குழந்தை திரும்பி வரவே இல்லை.

அடுத்த வருஷத்திலிருந்து கேப்டன் ஒரு சட்டம் வைத்தார். தேருக்கு யார் கூட்டி வந்தார்களோ அவர்கள் கையில்தான் பிள்ளை. பங்காளியானாலும் மிராசுதாரரானாலும் வேறு ஒருவருக்கும் கிடையாது. "முடியாதுங்க" என்று அவர் சொல்லக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சலில் கற்ற சொல் அது. அந்த மதியத்தைப் பற்றி அவர் என்னிடம் கடைசி வரை பேசவில்லை. முதலில் உட்கார்ந்தவன் நீ என்று ஒரு தரம் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

இப்போதும் தேருக்குப் போகிறேன். ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள், தாய்மார் ஓடி வருகிறார்கள், பிள்ளை கைக்கு வந்துவிடுகிறது. இந்த நல்ல ஏற்பாடு யார் செய்தது என்று இளவட்டங்கள் கேட்கும்போது கேப்டனைச் சொல்கிறேன். யாரால் வந்தது என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் வாயெடுக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அவளுக்காக நியாயம் கேட்கப் போன எங்களில் ஒருவரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.